வேட்டியில் ரசம் கொட்டியது பற்றிய உண்மை அறிக்கை

1

அந்த ரச வாளியைக் கவிழ்த்தது நான்தான். வழுக்கியது என்று ஊரே நம்புகிறது. இல்லை, வேண்டுமென்றே கவிழ்த்தேன்.

கச்சிராயபாளையத்தில் மச்சினன் மகள் கல்யாணம். பெண் வீட்டு ஆண்கள் பந்தியில் பரிமாறியாக வேண்டும். சும்மா நின்றால் மரியாதை இல்லை. எனக்கு ரசம். ஏழாவது இலையில் ஒரு நகைச்சுவை சொன்னேன். என் நகைச்சுவைக்கு முதலில் சிரிப்பவன் நான். பெரும்பாலும் நான் மட்டும். வாளியின் கனம், சிரிப்பு, இரண்டும் சேர, உள்ளே வைத்திருந்த உறிஞ்சும் பேடு நிறைந்து வெள்ளை வேட்டியில் ஈரம் இறங்கியது. யோசிக்க நேரமில்லை. வாளியை என் மேலேயே சாய்த்துக்கொண்டேன். கொதிக்கிற ரசம், ஐயா.

"இலையில ஊத்துங்க மாமா," என்றான் மச்சினன் அரங்கநாதன். பந்தியே சிரித்தது. என் மனைவி கொளஞ்சியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

(நான்கு மாதத்துக்கு முன் புற்றுநோய் என்று என் புராஸ்டேட் சுரப்பியை எடுத்தார்கள். உயிர் தங்கியது, சிறுநீர் தங்கவில்லை. இன்னொன்றும் உண்டு. அதை மூன்றாம் பகுதியில் எழுத தைரியம் வரும் என்று நினைக்கிறேன்.)

2

இதையே கதையாக எழுதிப் பார்க்கிறேன், எனக்குப் பதில் சுப்புராயன் என்று ஒருவனை வைத்து. முதல் வரி: "சுப்புராயன் எதற்கும் அஞ்சாதவன்." அடித்துவிட்டேன். அஞ்சாதவன் சொந்த ஊரான கள்ளக்குறிச்சியிலேயே பேடு வாங்குவான்.*

இன்னொரு தொடக்கம்: "கல்வராயன் மலைமேல் மேகம் கவிந்திருக்க, சுப்புராயனின் மனதிலும்—" வேண்டாம். மேகத்துக்கும் என் மூத்திரப்பைக்கும் என்ன சம்பந்தம்?

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும், கை பரபரக்கிறது: நேற்று முழுநாளும் ஒரே ஒரு பேடு! போன மாதம் நாளுக்கு ஐந்து. சிறுநீரை அடக்குவதுபோல் இறுக்கி, ஐந்து எண்ணி, விடவேண்டும் என்று டாக்டர் ஒரு பயிற்சி சொன்னார். டவுன் பஸ்ஸில் செய்கிறேன், துக்க வீட்டில் செய்கிறேன். இதோ, இந்த வரியை எழுதும்போதும் செய்துகொண்டிருக்கிறேன்.

* நான் பஸ் ஏறி தியாகதுருகம் போய் வாங்குகிறேன். "எங்கம்மாவுக்கு" என்று சொல்லி. அம்மா இறந்து பதினோரு வருஷம். கடைக்காரர் நல்ல மனுஷன், போகும்போதெல்லாம் "அம்மா எப்படி கீறாங்க?" என்று கேட்கிறார். போன வாரம் "எழுந்து நடக்கிறாங்க" என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம்.

3

சுப்புராயனுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு விறைப்பு வருவதில்லை.

எழுதிவிட்டேன். இடி விழவில்லை.

டாக்டரிடம் கேட்டான். "நரம்பு தேறணும். ஒண்ணரை வருஷம், ரெண்டு வருஷம்கூட ஆகும். மாத்திரை இருக்கு, வேற வழியும் இருக்கு." "எனக்கு வருமா சார்?" "பாக்கலாம்." எல்லாவற்றையும் அவருடைய படிப்பு பார்த்துக்கொள்ளும், இந்த ஒரு கேள்வியைத் தவிர.

அதனால் சுப்புராயன் கூடத்தில் தனிக்கட்டில் போட்டுக்கொண்டான். மெத்தை நனையும் என்று காரணம் சொன்னான். மனைவி கூப்பிடவில்லை. அவன் போகவில்லை. அவளுக்கு அருவருப்பா, வருத்தமா, நிம்மதியா? அவனுக்குத் தெரியாது. (எனக்கும்தான். இனிமேல் சுப்புராயன் வேண்டாம், அவன் பின்னால் நான் ஒளிந்திருப்பது வெளியே தெரிகிறது.)

4

முடிவு ஒன்று: எல்லாம் பழையபடி ஆகிறது. பொய். அல்லது இன்னும் உண்மையாகவில்லை.

முடிவு இரண்டு: நாயகன் துறவியாகி மலையேறுகிறான். அங்கே பேடு கிடைக்காது.

முடிவு மூன்று: மனைவி கண்ணீரோடு, "எனக்கு நீங்க உசுரோட இருந்தா போதும்" என்கிறாள். இதை மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். கொளஞ்சியம்மாள் முப்பத்தோரு வருஷத்தில் இப்படி ஒரு வசனம் பேசியதில்லை.

அப்படியானால் அவள் என்ன சொல்வாள்? கேட்டால்தானே தெரியும். தோட்டத்தில் மல்லாட்டை (நிலக்கடலைதான்) உரித்துக்கொண்டிருக்கிறாள். போய்க் கேட்கப்போகிறேன். அவள் சொல்வதை அப்படியே வைப்பேன். அதற்கு மேல் ஒரு வரியும் சேர்க்கமாட்டேன். மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

5

"கொளஞ்சி, ஒரு கதை எழுதிக்கினு கீறேன். அதுல ஒரு பொம்பள—"

"பொம்பளைக்கு இன்னா?"

"அவ வூட்டுக்காரனுக்கு ஒடம்பு முடியல. அவ மனசுல இன்னா ஓடும்?"

"அத அவளாண்ட போய்க் கேளுங்க. எனக்கு வேல கீது."

இறுக்கினேன். ஐந்து எண்ணினேன். விட்டேன்.

"சரி, உன்னையே கேக்கறேன். அது இல்லாம உனக்குக் கஷ்டமா கீதா?"

மல்லாட்டை உரிப்பதை நிறுத்தினாள்.

"கீது. ஏன் இல்லாம? ஆனா அதவிட ஜாஸ்தி கஷ்டம், நாலு மாசமா நீங்க என்னத் தொடாம ஒதுங்கிக்கினு இருக்கறதுதான். கைக்கும் சேத்தா ஆபரேஷன் பண்ணாங்க?"