ஒன்பது சீட்டும் ஒரு சிவப்புப் புள்ளியும்

எங்கள் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. மாதிரிப் பெட்டியில் குடும்பத்தின் மூத்தவர் கையெழுத்துப் போடாமல் எந்திரம் ஓடாது. அப்பா போட்டார். இருபத்தெட்டு வருடமாக நான் போடுகிறேன், அப்பாவின் இரும்பு அளவுகோலால் ஆறு பக்கமும் அளந்த பிறகுதான்.

நிர்வாகத்தை ஏற்ற மருமகள், எந்திரக் கூடத்துச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகையை மாட்டினாள். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு சீட்டு. வேலை நின்றால் சீட்டின் பக்கத்தில் நிறுத்தியவர் பெயர். நம் வீட்டுப் பெயர் அந்தச் சுவரில் ஏறக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். சரி மாமா, எழுதவில்லை என்றாள்.

மருந்துக் கம்பெனியின் பெட்டிகள் வெள்ளிக்கிழமை போயாக வேண்டும். தவறினால் வேறிடம் பார்த்துக்கொள்வோம் என்று கடிதமே போட்டிருந்தார்கள். புதன்கிழமை பலகையைப் பார்த்தேன். பதினோரு சீட்டில் ஒன்பது நின்றிருந்தன. ஒன்பதின் பக்கத்திலும் ஒரு சிவப்புப் புள்ளி.

எல்லாரையும் கூட்டி, ஒழுக்கத்தைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன். ஒன்பது வேலையை ஒருவரே அடைகாக்கிறார் என்றால் அந்தப் பொறுப்பு இனி அவருக்குக் கிடையாது, இது என் வாக்கு என்றேன். எல்லாரும் தங்கள் செருப்பை ஆராய்ந்தார்கள்.

"யாருப்பா இந்தப் புள்ளி?"

ஃபோர்மேன் தொண்டையைச் செருமினார்.

"ஐயா, ஒன்பது மாதிரியும் திங்கக்கிழமையிலேருந்து உங்க மேசை மேலதான் இருக்கு. நீங்க அளந்து முடிக்கட்டும்னு நாங்க எந்திரத்தைத் துடைச்சிக்கிட்டிருக்கோம். இப்போ அதுல முகம் பாத்துத் தலை சீவலாம்."

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். மருமகள் சிரிக்கவில்லை. நான் கோபத்தில் சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று சமாதானம் சொன்னாள்.

எடுத்துக்கொள்ளாமல் விட என் வாக்கு என்ன, தெருவில் கொடுக்கிற விளம்பர நோட்டீஸா? சொன்னதை விழுங்கியவர் எங்கள் பரம்பரையில் இல்லை.

"கையெழுத்தை இனிமே நீ போடும்மா. அந்தப் புள்ளியை அழிச்சிட்டு என் பேரை எழுது. நம்ம வீட்டு ஆளு புள்ளிக்குப் பின்னால ஒளிய மாட்டான்."

எழுதினாள். நன்றாகப் பெரிய எழுத்தில்.

மதியத்துக்குள் எந்திரம் ஓடியது. வெள்ளிக்கிழமை லாரி கிளம்பியது. அளவுகோலை நான் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

அடுத்த புதன்கிழமை பலகையில் நின்றிருந்தது ஒரே ஒரு சீட்டு. பக்கத்தில் மருமகளின் பெயர். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. குடும்ப மானம் முக்கியம். எல்லாரும் பார்க்கும்வரை அதன் எதிரே நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான்.