பெரட்டுக்களத்தில் பேருந்து திரும்பிய நாள்

2026ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை. விடியற்காலையில் கடுங்குளிர். தேயிலைச் செடிகளின் தலைமேல் பனி வெண்மையாகப் படிந்திருந்தது. வெயில் ஏற ஏற மூடுபனி விலகி, வானம் கழுவித் துடைத்தாற்போல் நீலமாயிற்று.

சங்கிலிப்பாறை நகரம் மூன்று குன்றுகளின் மேல் அமைந்துள்ளது. கிழக்கில் குமுளிக்குச் செல்லும் சாலையும், மேற்கில் பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டங்களும், தெற்கில் அடர்ந்த காடும் அதன் எல்லைகளாகும். தேயிலை, ஏலம், மிளகு ஆகியவை இங்கு விளைகின்றன. சென்ற ஆண்டு வரை பஞ்சாயத்தாக இருந்த இவ்வூரை அரசு நகரசபையாக உயர்த்தியது. உடனே கடைவீதியில் பெரிய பெயர்ப்பலகை நாட்டப்பட்டது. விளக்குக் கம்பங்கள் முளைத்தன. நாய் வளர்ப்போர் உரிமம் பெற வேண்டும் என்றுகூட அறிவிப்பு வந்தது. ஆயினும், மூன்றாம் குன்றின் உச்சியில் தொழிலாளர்கள் வாழும் மேல் டிவிஷன் லயங்களுக்கு மட்டும் நகரம் வந்து சேரவில்லை.

"நாமளும் இப்ப சிட்டிக்காரிய மதினி. என்ன, சிட்டிக்குப் போகத்தான் வண்டி கிடைக்காது" என்று கொழுந்து கிள்ளும் பெண்கள் சொல்லிச் சிரித்துக்கொண்டனர்.

அப்பெண்களுள் ஒருத்தியே செல்வலட்சுமி. நகரசபையின் முதல் தேர்தலில் மேல் டிவிஷன் வார்டுக்குக் கவுன்சிலராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவள். கவுன்சிலரான பின்னும் கொழுந்துப் பையை அவள் தோளிலிருந்து இறக்கவில்லை. வீடு வீடாகச் சென்று அவள் கொடுத்த வாக்குறுதி ஒன்றே ஒன்றுதான்: "பஸ்ஸு மேல வரும்."

அதற்குக் காரணம் இருந்தது. மேல் டிவிஷனுக்கு ஜீப்புகளைத் தவிர வேறு போக்குவரத்து இல்லை. ஆள் நிறைந்தால்தான் ஜீப் புறப்படும். அதுவும் வரிசையில் முதலாவதாக நிற்கும் வண்டியே புறப்பட வேண்டும். இந்த முறையை மீறியவனை மற்ற ஓட்டுநர்கள் வரிசையிலேயே நிற்க விடமாட்டார்கள். சென்ற ஆண்டு செல்வலட்சுமியின் மகள் சோனாவுக்குப் பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வு இருந்தது. அன்று காலை முதல் வண்டி நிறையவில்லை. சோனாவின் சொந்தத் தாய்மாமன் ஈஸ்வரனின் ஜீப் நான்காவதாக நின்றது. மாமன் தலையைக் குனிந்துகொண்டானே தவிர, வண்டியை எடுக்கவில்லை. பெண் மலைச்சாலையில் ஓடியே இறங்கினாள். மூச்சிரைக்க அவள் போய் நின்றபோது தேர்வறைக் கதவு சாத்தப்பட்டிருந்தது. அவளுடைய படிப்பில் ஓர் ஆண்டு வீணாயிற்று.

செல்வலட்சுமி அதற்காகத் தம்பியோடு சண்டை போடவில்லை. தேர்தலில் நின்றாள்.

கவுன்சிலரானதும் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிச் சாலைக்குத் தார் போட வைத்தாள். ஆனால் பேருந்து மலையேறி வந்தால் மட்டும் போதாது, திரும்பிச் செல்லவும் வேண்டும் அல்லவா? மேல் டிவிஷனில் பேருந்து திரும்பத்தக்க இடம் பெரட்டுக்களம் ஒன்றுதான். காலையில் கங்காணி ஆள்களைக் கணக்கெடுத்து வேலைக்குப் பிரித்தனுப்பும் மண்திடலுக்கு அப்பெயர். பெரட்டு கலைந்தபின் பகல் முழுவதும் அங்கே ஜீப்புகள் நிற்கும். களத்தில் பேருந்து திரும்பத் தோட்ட நிர்வாகம் இசைந்துவிட்டது. ஜீப்காரர்கள் இசையவில்லை.

அன்றுதான் சோதனை ஓட்டம். பேருந்து திரும்ப இயலாவிட்டால், அந்தப் பேருந்து இரண்டாம் குன்றிலுள்ள சுற்றுலா விடுதிகளின் சாலைக்குப் போய்விடும் என்று போக்குவரத்து இன்ஸ்பெக்டர் முன்பே தெளிவாகக் கூறியிருந்தார். மறுமுறை என்ற பேச்சே இல்லை.

செல்வலட்சுமி களத்துக்கு வந்தபோது, ஏழு ஜீப்புகளும் திடலின் நட்டநடுவே நிறுத்தப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் சக்கரத்துக்கும் ஒரு கல் அணைகொடுத்திருந்தது. ஓட்டுநர்கள் எதிரே தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தனர்.

"பெரியமுத்து அண்ணே, பஸ்ஸு வார நேரமாச்சு. வண்டியள ஓரமா எடுத்துக்கிடுங்க."

ஜீப்காரர்களுக்குத் தலைவரான பெரியமுத்து தேநீரை நிதானமாக ஊதினார். "கவுன்சிலரம்மா உத்தரவா?"

"உத்தரவில்ல. கேக்கேன்."

"நாங்க எதையும் மறிக்கலையே தாயி. வண்டி நிக்கிற எடத்துல வண்டி நிக்கி. வேணும்னா ஆனவண்டி பறந்து திரும்பட்டும்."

கேரள அரசுப் பேருந்தில் யானைச் சின்னம் இருப்பதால் அதற்கு அப்படியொரு பெயர். கடையில் எல்லாரும் சிரித்தனர். ஈஸ்வரன் மட்டும் சிரிக்கவில்லை.

"அக்கா, பஸ்ஸு வந்தா எம் வண்டியில எவன் ஏறுவான்? எம் புள்ளைக்கு நான் என்னத்தப் போட? அதச் சொல்லு பாப்போம்."

செல்வலட்சுமி அவன் பக்கம் திரும்பினாள். "அதுக்கு எங்கிட்ட இன்னைக்குப் பதில் இல்லடா. உங்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன். ஆனா பஸ்ஸு இன்னைக்குத் திரும்பியாகணும்."

"எப்படித் திரும்பும்?"

"திரும்பும்."

கீழ்வளைவில் ஒலிப்பான் கேட்டது. கொழுந்துக் காட்டிலிருந்த பெண்கள் பைகளோடு மேடேறி ஓடிவந்தனர். சிவப்பும் மஞ்சளுமான பேருந்து உறுமிக்கொண்டே வந்து களத்தின் வாயிலில் நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கி ஜீப்புகளைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருடைய மலையாளம் கலந்த தமிழில் திரும்புவது 'திரிவது' ஆகிவிடும்.

"சேச்சீ, இங்க வண்டி திரியாதல்லோ. ஜீப் எல்லாம் கிடக்குது. நான் எப்படி எழுதறது?"

"ஒரு நிமிசம் நில்லுங்க சார்."

"நான் உங்களுக்காகக் கொஞ்சம் நிக்கலாம். உச்சைக்கு அடுத்த ரூட் பாக்கணும்."

இவ்விடத்தில் ஒரு செய்தியைக் கூறுவது அவசியம். குளிர்காலக் காலைகளில் அந்த ஜீப்புகள் தாமாக உயிர் பெறுவதில்லை. ஏறியவர்கள் இறங்கித் தள்ள வேண்டும், கிளம்பியதும் ஓடிப்போய்த் தொற்றிக்கொள்ள வேண்டும். மேல் டிவிஷன் பெண்களுக்குக் கொழுந்து கிள்ளுவதைப்போலவே ஜீப் தள்ளுவதும் கைவந்த வேலையாக இருந்தது. அவ்வண்டிகளின் கைப்பிரேக்குகளோ பெயருக்கு மட்டுமே உள்ளவை. கல்லை எடுத்துவிட்டால் தடுப்பதற்கு ஒன்றுமில்லை.

செல்வலட்சுமி கொழுந்துப் பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். தம்பியின் ஜீப்பருகே சென்றாள். "மொதல்ல எங்க வீட்டு வண்டி" என்று சொல்லி, காலால் கல்லை உதைத்துத் தள்ளினாள். உடன் கொழுந்து கிள்ளும் முருகேஸ்வரி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவளருகே வந்து நின்றாள். பின்னால் மற்றப் பெண்களும் கை வைத்தனர்.

"ஏய்! யாரக் கேட்டு எங்க வண்டியத் தொடுதிய?" பெரியமுத்து கடையிலிருந்து எழுந்தார்.

"தெனம் காலையில தள்ளச் சொல்லும்போது இனிச்சுதோ?" என்றாள் முருகேஸ்வரி. "அப்ப யாரக் கேட்டீய அண்ணே?"

ஜீப் அசைந்தது. களத்தின் ஓரத்தில் கொழுந்து நிறுக்கும் எடைக் கொட்டகையை நோக்கி மெல்ல உருண்டது. தள்ளத் தெரிந்த அப்பெண்களுள் ஒருவருக்கும் ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாது என்பது அதன்பின்தான் விளங்கியது. களம் அந்தப் பக்கம் சரிவானது. சரிவுக்கப்பால் பள்ளம். வண்டி வேகம் பிடித்தது. செல்வலட்சுமி கதவுக் கம்பியைப் பற்றிப் பின்னுக்கு இழுத்தாள். செருப்பு மண்ணில் கோடிழுத்ததே தவிர, வண்டி நிற்கவில்லை.

"அக்கா, கைய விடு! விட்டுரு!"

ஈஸ்வரன் தேநீர்க் கிளாஸை எறிந்துவிட்டுப் பாய்ந்தான். ஓடுகிற வண்டிக்குள் தாவி, ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பி, பிரேக்கை மிதித்தான். கொட்டகைச் சுவருக்கு ஒரு முழம் இப்பால் ஜீப் நின்றது.

"ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" அவன் ஜீப்பிலிருந்து குதித்து இறங்கினான். "வண்டி போனா போகுது, நீயும்லா போயிருப்ப!"

"நான் விடமாட்டேன்டா" என்றாள் அவள். உள்ளங்கை தோலுரிந்திருந்தது. அதைச் சேலையில் துடைத்துக்கொண்டு அடுத்த ஜீப்பை நோக்கி நடந்தாள்.

ஈஸ்வரன் அவள் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றான். போன ஆண்டு சோனா போவதையும் அவன் அப்படித்தான் பார்த்துக்கொண்டு நின்றான். இம்முறை நிற்க முடியவில்லை.

"ஏ, நில்லுங்க! நான் ஸ்டியரிங் பிடிக்கேன். நீங்க தள்ளுங்க. பெரியமுத்து அண்ணன் வண்டிய மட்டும் கடைசியில பாத்துக்கிடுவோம். அதுக்குப் பிரேக்கே கெடையாது."

"எவம்ல சொன்னது எம் வண்டிக்குப் பிரேக் இல்லைன்னு?"

பெரியமுத்துவுக்கு முகம் சிவந்துவிட்டது. பேருந்து ஓட்டுநர், இன்ஸ்பெக்டர், லயத்துச் சனம் முழுவதும் பார்க்க, அவர் விறுவிறுவென்று தம் ஜீப்பில் ஏறிச் சாவியைத் திருகினார். வண்டி இருமியது. மறுபடி திருகினார். இருமக்கூட இல்லை. அவர் ஸ்டியரிங்கை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். பிறகு திரும்பாமலே சொன்னார்:

"என்ன வேடிக்கை பாக்கிய? தள்ளுங்களேன்!"

பெண்கள் வெடித்துச் சிரித்தனர். சிரித்துக்கொண்டே தள்ளினர். ஜீப் கரும்புகை கக்கி உயிர் பெற்றது. தம் வண்டியின் பிரேக்கைக் கொட்டகையருகே இருமுறை மிதித்துக் காட்டிய பிறகே பெரியமுத்து இறங்கினார். தலைவர் எடுத்தபின் மற்றவர்கள் எதற்காக உட்கார்ந்திருப்பது? ஒவ்வொருவராக வந்து தத்தம் கல்லை எடுத்தனர்.

களம் காலியாயிற்று. பேருந்து உள்ளே நுழைந்தது. அதன் பின்புறம் தேயிலைச் செடிகளை உரசிச் சில இலைகளை உதிர்த்தது. பெண்கள் சுவரோரம் ஒண்டிக்கொண்டனர். ஓட்டுநர் ஒரேயொரு முறை பின்னுக்கு எடுத்து, மறுபடி முன்னே விட்டார். பேருந்தின் முகம் நகரத்தை நோக்கித் திரும்பியது.

"திரியும்" என்று சொல்லிக்கொண்டே இன்ஸ்பெக்டர் எழுதினார். "ஆனா சேச்சீ, தெனமும் இந்த இடம் ஒழிஞ்சு கிடக்கணும், கேட்டோ?"

"கெடக்கும் சார்."

ஈஸ்வரன் அக்காளின் அருகே வந்து நின்றான். "நான் கேட்டதுக்கு நீ இன்னும் பதில் சொல்லல."

"சாயங்காலம் பெரியமுத்து அண்ணனையும் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வா. உக்காந்து பேசுவோம். பதில் கெடைக்கிற வரைக்கும் பேசுவோம்."

அவன் குனிந்தான். அவளுடைய கொழுந்துப் பையை எடுத்து, புழுதியைத் தட்டி, அவள் தோளில் மாட்டிவிட்டான். சங்கிலிப்பாறை நகரசபையின் மூன்றாம் குன்றிலிருந்து முதல் பேருந்து இறங்கிச் சென்றபோது நேரம் முற்பகல் பதினொரு மணி பதினெட்டு நிமிடம்.