தகரத்துக்கு இந்தப் பக்கம்

கோயம்பேட்டில் மூட்டை தூக்கிவிட்டு ஊர் திரும்பிய வீரையனுக்குக் கொரோனா என்று தெரிந்ததும், ஆம்புலன்ஸ் வந்து அவனைத் திருவாரூருக்குக் கொண்டுபோனது. மறுநாள் விடிந்தபோது தெற்குத்தெருவின் வாயைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். வீரையன் வீட்டை மட்டும் அடைத்திருந்தால் யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். அடைத்தது தெருவையே. ரேஷன் கடை, மருந்துக்கடை, நல்ல தண்ணீர்க் குழாய் எல்லாம் தகரத்துக்கு அந்தப் பக்கம்.

அம்சவல்லி அந்தத் தெருவின் வார்டு உறுப்பினர். ஓட்டு வாங்கி ஜெயித்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. தகரத்தைப் பார்த்தவுடன் ஊராட்சித் தலைவர் தியாகேசனுக்குப் போன் போட்டாள்.

"தலைவரே, இத யாரு முடிவு பண்ணுனது?"

"அவசரம்மா. வாட்ஸப் குரூப்ல பேசி முடிவு பண்ணிட்டோம்."

"எந்த குரூப்ல? நான் அதுல இல்லியே?"

"சேக்கணும்னுதான் இருந்தேன், விட்டுப்போச்சு. எல்லாம் உங்க நல்லதுக்குத்தானே?"

"பஞ்சநதம் ஐயா மகனும்தான் மெட்ராஸ்லேருந்து வந்து கடத்தெருவுல சுத்துறாரு. மேலத்தெருவுக்குத் தகரம் எங்க?"

போன் துண்டிக்கப்பட்டது.

தெருவுக்குள் இருந்த அடிபம்பில் உப்புத் தண்ணீர்தான் வந்தது. குழந்தைகளுக்கு அதைத்தான் காய்ச்சிக் கொடுத்தார்கள். ரேஷன் அரிசி வீடு தேடி வரும் என்றார்கள். வந்தது. யாரோ ஒருவன் அந்தப் பக்கம் நின்று மூட்டைகளைத் தகரத்துக்கு மேலே தூக்கிப் போட்டான். ஒரு மூட்டை கிழிந்து அரிசி சேற்றில் சிதறியது. அம்சவல்லியின் சின்னம்மா ராசம்மாள் முந்தானையை விரித்துக் குனிந்து பொறுக்கினாள். அம்சவல்லியும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினாள். தெருநாய்க்குக்கூட யாரும் இப்படிச் சோறு போட்டு அவள் பார்த்ததில்லை.

ஆற்றில் தண்ணீர் வந்தபிறகு ஒருநாள் பஞ்சநதம் தகரத்துக்கு அந்தப் பக்கம் வந்து நின்று குரல் கொடுத்தார். ஊரில் பாதி நிலம் அவருடையது.

"இந்தா அம்சவல்லி, நாளைக்குக் காலையில தகரத்தத் திறக்கச் சொல்லிட்டேன். நாத்து தயாரா நிக்கிது. பொம்பளைங்க நடவுக்கு வரட்டும். சாயங்காலம் திரும்புனதும் மூடிக்கலாம்."

தான் கேட்டது சரிதானா என்று அவளுக்கு ஒரு கணம் சந்தேகம் வந்தது.

"வயல்ல எறங்குனா எங்ககிட்டேருந்து தொத்தாதா?"

"அது வெட்டவெளி. ஒண்ணும் ஆவாது."

"அப்ப தண்ணிக் குழா மட்டும் என்ன குகைக்குள்ளயா இருக்கு? ஒருத்தரும் வரமாட்டோம், போங்க!"

சொல்லிவிட்டாளே தவிர, தெருவே அவளைச் சூழ்ந்துகொண்டது. "நீ பாட்டுக்குச் சொல்லிட்ட. அடுப்பு எரிய வேணாமா?" என்று ராசம்மாள் கத்தினாள்.

"போனா எரியும் சின்னம்மா. நாளைக்கு இன்னொரு நோய் வந்தா இதே தகரத்த மறுபடி தூக்கிட்டு வருவாங்க. வேல செய்யத் தொறப்பாங்க, வேல முடிஞ்சா மூடுவாங்க. ஆட்டுக்கெடைக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?"

ராசம்மாள் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள். ஆனால் காலையில் தகரம் திறந்தபோது அவளும் வெளியே போகவில்லை. ஒருவரும் போகவில்லை. தகரத்தை மறுபடி மூடிவிட்டார்கள். வெளியூரிலிருந்து ஆள் கூட்டிவரவும் வழியில்லை, பஸ் ஓடவில்லை. நாற்றங்காலில் நாற்று முற்றத் தொடங்கியது.

கடைசியில் தியாகேசன் ஒரு தாலுகா அதிகாரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். முகக்கவசத்தை இறக்கிவிட்டு அதிகாரி கேட்டார். "என்னம்மா பிரச்சினை? என்ன வேணும் உங்களுக்கு, சொல்லுங்க."

"நோய் இல்லன்னு நாங்க சொல்லல சார். எங்களுக்கும்தான் பயமா இருக்கு. யாரு வீட்ட அடைக்கிறது, யாருக்குச் சோறு தண்ணி குடுக்கிறது, எல்லாத்தயும் எங்களயும் வச்சுப் பேசி முடிவு பண்ணுங்க. மொதல்ல தகரத்தப் புடுங்குங்க. அதுக்கப்புறம்தான் பேச்சு."

அதிகாரி தியாகேசனைப் பார்த்தார். தியாகேசன் வரப்பில் நின்றிருந்த பஞ்சநதத்தைப் பார்த்தார். அவர் தலையாட்டிய பிறகுதான் தகரம் இறங்கியது. அதைப் பார்த்து அம்சவல்லிக்கு ஆத்திரம் இன்னும் ஏறியது.

மாலையில் பள்ளிக்கூடத் திடலில் இரண்டு தெருவும் கூடின. மேலத்தெருக்காரர்களுக்கு நாற்காலி. தெற்குத்தெருவுக்குத் தரை. அம்சவல்லி உட்காரவில்லை, கூட்டம் முடியும்வரை நின்றே பேசினாள். நோயாளி வீட்டை மட்டும் அடைப்பது, அவர்களுக்கு வேண்டியதை ஊராட்சி வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுப்பது, வெளியூரிலிருந்து யார் வந்தாலும் எந்தத் தெருவானாலும் வீட்டோடு இருப்பது என்று முடிவானது. பஞ்சநதத்தின் மகனையும் அன்றே வீட்டுக்குள் இருக்கச் சொன்னார்கள். பஞ்சநதத்தின் முகம் கறுத்துப்போனது.

திரும்பும்போது ராசம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதான் ஜெயிச்சுட்டோம்ல? இன்னும் ஏன் மூஞ்சிய இப்புடி வச்சிருக்க?"

"என்னத்த ஜெயிச்சோம் சின்னம்மா? நாத்து முத்துச்சுன்னுதான் எறங்கி வந்தானுவ. நம்ம புள்ளைங்க உப்புத்தண்ணி குடிச்சப்ப ஒருத்தனும் வரல."

ராசம்மாள் அவள் கையை விடவில்லை. இருவரும் வீட்டிலிருந்து குடத்தை எடுத்துக்கொண்டு நல்ல தண்ணீர்க் குழாயடிக்குப் போய் வைத்தார்கள். வரிசையில் நின்ற மேலத்தெருப் பெண் ஒருத்தி சற்று விலகி நின்றாள். அம்சவல்லி அவளை நேராகப் பார்த்தபடியே குடம் நிறையும்வரை நின்றாள்.