டர்பைனுக்குப் போட்ட மாலை

ஆயுத பூஜைக்கு மறுநாள், படாளம் பக்கத்து ஏரிக்கால்வாயில் இருந்த சின்ன மின்நிலையத்தில் திடீரென்று மின்சாரம் பாதியாகக் குறைந்தது. ஆபரேட்டர் தசரதன் டர்பைன் பக்கம் ஓடினார். போன வாரம்தான் அவரே பேரிங் மாற்றியிருந்தார்.

"பொட்டு வெச்சி, பூசணிக்கா ஒடச்சும் பேஜார் பண்றியே!" என்று டர்பைனைத் திட்டினார்.

வெளியிலிருந்து உதவியாளர் ஏசுபாதம் கத்தினார்: "அண்ணாத்த, தண்ணி உள்ள வர்ற கம்பி வலை அடச்சிகினு கீது!"

இருவரும் கொக்கி போட்டு இழுத்தார்கள். வாழைக்கன்று, மாவிலைத் தோரணம், கடைசியாக ஒரு பெரிய சாமந்தி மாலை. மீட்டர் முள் விறுவிறுவென்று ஏறியது. தசரதனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"எந்த அறிவு கெட்டவன் இத தண்ணில போட்டான்?" என்றார் ஏசுபாதம்.

டர்பைனுக்குப் போட்ட மாலை, யார் காலிலும் மிதிபடக் கூடாதென்று அதைக் காலையில் பயபக்தியோடு கால்வாயில் விட்டவர் தசரதனேதான்.

"ஊர்ல எவனுக்குமே அறிவு கெடையாது, ஏசு," என்றார்.