முன் சீட்டு

"பிரெண்ட் போலீசு லைலைப் பின் சீட்டுலதான் உட்கார வைப்பாங்களா?"

"அது அவங்க விதி ஆர்டிஸ். யாரா இருந்தாலும் பின்னாலதான். நடுவுல கம்பி வலை வேற."

"நீ ஒருநாளும் அப்படி வெச்சதில்லையே."

"என்னைக் கேக்க யாரு இருக்கா? ஊருக்கு நான் ஒருத்தன்தானே போலீசு" என்று சிரித்த ஆரின், சிரித்த வேகத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த நெஞ்சுதான் காரணம். பனி உருகியதும் அவர் ஓய்வு பெறுகிறார். ஹார்லோ ஊரின் போலீஸ் வேலைக்கு வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை. பக்கத்து ஊரான பிரெண்ட்டின் போலீஸே இரண்டு ஊரையும் பார்த்துக்கொள்ளட்டுமா என்று ஊராரைக் கேட்கத்தான் இந்தக் கூட்டம். தீயணைப்பு வண்டியை வெளியே பனியில் நிறுத்திவிட்டு, அது நின்ற இடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள்.

"பிரெண்ட் வழியா அபராதம் கட்டாம வீடு வந்து சேந்தவன் இங்க ஒருத்தன் இருக்கானா? கையத் தூக்குங்க பாப்போம்" என்றார் தீவனக் கடை வெர்லின்.

"நீ ஓட்டுற ஓட்டுக்கு உன்னை உள்ளயே வெச்சிருக்கணும்" என்று அவர் மனைவியே சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். மேஜையருகே அமர்ந்திருந்த பிரெண்ட்டின் போலீஸ் தலைவர் டெனெக்கும் சிரித்தார். இளவயதுக்காரர். கழற்றி வைத்த தொப்பி அவர் முன்னால், ஆப்பிள் கேக் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

திருட்டு, பள்ளிக்கூடச் சாலை, வரி எல்லாவற்றையும் பேசினார்கள். லைலைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. மரியாதைக்காகத்தான் என்று ஆர்டிஸுக்குப் புரிந்தது. அந்த மரியாதைதான் அவளை இப்போது பயமுறுத்தியது; யாரும் சொல்லாவிட்டால் டெனெக்குக்கு அவனைப் பற்றித் தெரியாமலே போய்விடும். அவள் தம்பி லைலுக்குத் தலை நரைத்துவிட்டது, மனது மட்டும் சிறுபிள்ளையாகவே நின்றுவிட்டது. எந்த வீட்டுச் சமையலறையில் விளக்கு எரிந்தாலும் உள்ளே போய்விடுவான். ஹார்லோவில் யாரும் கதவைப் பூட்டுவதில்லை. ஒரு தம்ளர் பால் குடிப்பான், தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருப்பான். வீட்டுக்காரர் ஆரினுக்குப் போன் செய்து "வந்திருக்கான்" என்பார். பெயர்கூடச் சொல்ல வேண்டாம். ஆரின் வந்து வாசலில் இரண்டு முறை ஹாரன் அடிப்பார். லைல் தானே வந்து முன் சீட்டில் ஏறிக்கொள்வான். ஆரின் தன் தொப்பியைக் கழற்றி அவன் மடியில் வைப்பார். வீடு வரும்வரை அதைப் பறவைக்குஞ்சைப் போலப் பிடித்திருப்பான்.

ஆரின் ஊரில் இல்லாத ஒருநாள் வெளியூர்க் காவலர் ஒருவர் அவனைப் பின் சீட்டில் தள்ளிக் கதவைச் சாத்தினார். கம்பி வலையில் மோதி மோதி நெற்றியைக் கிழித்துக்கொண்டான். அந்தத் தழும்பை மறைக்கத்தான் ஆர்டிஸ் அவன் முடியை முன்னால் விட்டு வாருகிறாள்.

"நீயே சொல்லேன் ஆரின், அவர்கிட்ட."

"நான் சொன்னா போலீசு போலீசுக்குச் சொன்னதா இருக்கும். நீ போ."

காபிக்காகக் கூட்டம் கலைந்த நேரத்தில் அவள் டெனெக்கின் முன்னால் போய் நின்றாள். ஹாரனைச் சொன்னாள், பாலைச் சொன்னாள், முன் சீட்டைச் சொன்னாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"எங்க ஆளுங்க மொத்தம் ஒன்பது பேரு மேடம். ராத்திரி யார் வருவாங்கன்னு எனக்கே தெரியாது. யாரோ வீட்டுக்குள்ள இருக்காங்கன்னு போன் வந்தா, அவங்க..." கையை இடுப்புத் துப்பாக்கிப் பக்கம் கொண்டுபோனவர், பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

அதற்குள் லைல் அவள் பின்னால் வந்து நின்றிருந்தான். ஆரினின் தொப்பி பழுப்பு, மேஜையில் இருந்தது கருநீலம். புது நிறத்தைப் பார்த்துத் தயங்கினான். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து, கிண்ணம்போல நீட்டினான்.

டெனெக்கின் விரல்கள் தொப்பியின் விளிம்பில் இருந்தன.

"கொஞ்சம் அதை அவன் கையில குடுங்களேன்" என்றாள் ஆர்டிஸ்.