டிரெய்லரின் கறுத்த பக்கம்

1

இந்தக் கதை மேலப்பாளையத்தில், ஒரு வீட்டு வாசலில் கிடைத்தது. அலுமினிய டிரெய்லர் ஒன்று நின்றது. ஒரு பக்கம் கண் கூசும் பளபளப்பு. மறுபக்கம் அடிப்பிடித்த சட்டி மாதிரிக் கறுப்பு. படியில் மூடி திறக்காத மெழுகு டப்பா. ஆள் யாரும் இல்லை. பார்த்துவிட்டு என் பாட்டுக்கு வந்திருக்கலாம். வரவில்லை. மூன்று வாரமாக இதோடு மல்லுக்கட்டுகிறேன்.

பெயர்கள் நான் வைத்தவை. அவனுக்கு ரசீத், அவன் மனைவிக்கு ஹம்னா.

2

முதல் தொடக்கம்: 'தாமிரபரணிக் கரையில் பொழுது புலர்ந்தபோது—' அடித்துவிட்டேன். ஆற்றுக்கும் டிரெய்லருக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாவது: 'அலுமினியம் இரும்பைப் போலத் துருப்பிடிப்பதில்லை, வெள்ளையாகப் பூத்துப்போகிறது. உப்புக்காற்று பட்டால்—' இது பாடப்புத்தகம். எனக்கே கொட்டாவி வந்தது.

மூன்றாவதுதான் தேறியது: 'ஞாயிற்றுக்கிழமை சவூதியில் தமாமுக்கு விமானம். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் டிரெய்லரில் இடியாப்பக் கடை திறந்துவிட்டால் போகமாட்டேன் என்று ரசீத் ஹம்னாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தான்.'

3

குலசேகரன்பட்டினத்துக் கடற்கரையில் மூன்று வருஷம் சும்மா கிடந்த வண்டி அது. மேலெல்லாம் வெள்ளைப் பூப்பு. இந்தக் கோலத்தில் நிறுத்தினால் எவன் சாப்பிட வருவான் என்று ஹம்னாவுக்குப் பதைப்பு. வியாழக்கிழமை காலையிலேயே கல்யாண வீட்டுப் பிரியாணி அடுப்பிலிருந்து விறகுச் சாம்பல் வாரிவந்தாள். வீட்டுப் பித்தளையெல்லாம் அதில்தான் மின்னுகிறது. தண்ணீர் விட்டுக் குழைத்து, ஒரு பக்கம் முழுக்க அப்பி, மதியம்வரை ஊறவிட்டாள். ரசீத் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

[இங்கே ஒரு குறிப்பு. அலுமினியத்தைத் துலக்கும் சரியான முறை வேறு: முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். மறைவான மூலையில் தேய்த்துப் பார்க்க வேண்டும். பிறகு அலுமினியப் பாலிஷ் போட்டுத் துணி கறுக்கக் கறுக்கத் தேய்க்க வேண்டும். ஈரம் போகத் துடைத்து அன்றைக்கே மெழுகு பூச வேண்டும். பூசாவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண், மறுபடி மங்கும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கே நாலு நாளாயிற்று.]

4

இனித்தான் என் தலைவலி. முதல் பிரதியில் ரசீத் தமாமில் டிரைவர். அதில் உயிரில்லை என்று இரண்டாம் பிரதியில் அவனை அலுமினியச் சன்னல் செய்யும் பட்டறைக்கு மாற்றினேன். ஒன்பது வருஷ அனுபவம் வேறு கொடுத்தேன். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு. ஐந்தாம் பிரதியில்தான் உறைத்தது: சன்னல் பட்டறைக்காரனுக்குச் சாம்பல் அலுமினியத்தை அரிக்கும் என்று தெரியாமல் இருக்குமா? அப்படியானால் நாற்காலியில் உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருந்தான் இந்தப் பாவி? வேலையை மாற்றிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். அதற்குள் ஹம்னா சாம்பலைக் கழுவிவிட்டாள்.

5

"யா அல்லாஹ்! என்ன மச்சான் இது, இப்படிக் கறுத்துப்போச்சு?"

"அலுமினியத்துக்குச் சாம்பல் ஆவாதுளா" என்றான் ரசீத், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தமாம்ல ஒம்பது வருசம் அலுமினியத்தோடதான கெடந்தேன்."

சொன்ன பிறகுதான் அவனுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது.

"அப்ப நான் பூசும்போது இங்கனதான இருந்திய?" ஹம்னா அவன் முன்னால் வந்து நின்றாள். "வாயில கொழுக்கட்டையா வச்சிருந்திய? காலையிலேர்ந்து கை எரிய எரியப் பூசுதேன். நான் போட்ட டீயையும் வாங்கிக் குடிச்சிய!"

[இந்த இடத்தில் அவனுக்கு ஒரு நல்ல பொய் தேடினேன். கிடைக்கவில்லை.]

"ஒம்பது வருசத்துல நான் இங்கன சேர்ந்தாப்புல ரெண்டு மாசம் இருந்ததில்லளா" என்றான் ரசீத். "கடை தொறந்துட்டா இங்கனயேதான இருக்கணும். எப்படி இருக்கணும்னே தெரியல. பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் தெரியுமாக்கும்? நானும் ரெண்டு மாசத்துக்கு மேல உங்களோட இருந்ததில்லதான" என்றாள் ஹம்னா.

6

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடிந்ததும் ரசீத் தானாகவே பாலிஷும் துணியும் எடுத்தான். மறுபக்கத்தை மதிய ஜும்ஆ தொழுகைக்குள் கண்ணாடியாக்கிவிட்டான். வெட்கத்தில் தேய்த்தானா, இருந்துவிடலாம் என்று தேய்த்தானா? என்னைக் கேட்காதீர்கள், எனக்குச் சொல்ல மாட்டேன் என்கிறான்.

முடிவு ஒன்று: ரசீத் டிக்கெட்டைக் கிழித்துப் போடுகிறான். (டிக்கெட் போனில் இருக்கிறது. எதைக் கிழிப்பது?)

முடிவு இரண்டு: ஹம்னா பெட்டி கட்டிக் கொடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு— இல்லை. இதை எழுத என் கை வராது.

நடந்தது இவ்வளவுதான். பாங்கு சொல்லும் நேரம், ஹம்னா மெழுகு டப்பாவைக் கொண்டுவந்து படியில் வைத்தாள்.

"இத நான் தொடமாட்டேன். இருக்கதா இருந்தா நீங்களே பூசுங்க. போறதா இருந்தா அப்படியே கெடக்கட்டும். இன்னொரு தடவ என்னய ஏமாத்தாதிய."

ரசீத் தொப்பியைப் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனான். ஹம்னா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த நேரத்தில்தான் நான் தெருவில் வந்தேன்.

இதற்கு மேல் எழுத மாட்டேன். தொழுகை முடிந்து தெருமுனையில் திரும்புகிறவனை இனி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். மெழுகு டப்பாவின் மூடியைத் திறப்பதானால் இன்றைக்கே திறக்கச் சொல்லுங்கள்.