காட்டோர நிரை

திங்கட்கிழமை காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு ஜார்க்கண்ட் பெண்கள் எட்டுப் பேரும் இடுப்பில் படங்கு கட்டாமல் வந்து நின்றார்கள். தேயிலைச் செடி விடியலில் சொட்டச் சொட்ட நனைந்து கிடக்கும். படங்குச் சாக்கை இறுக்கிக் கட்டாமல் எங்களில் ஒருத்தியும் செடிக்குள் இறங்க மாட்டாள். கட்டாமல் வந்து நின்றால் இன்றைக்கு வேலைக்கு இறங்கப் போவதில்லை என்று அர்த்தம். வாயால் சொல்ல வேண்டியதில்லை. இதை இவளுகளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. பக்கத்தில் நின்ற மூக்கம்மாவுக்கும் அதேதான்.

"யாரோ பின்னால இருக்கான்டி சசிரேகா. இதுகளுக்குத் தானா வருமா இந்தப் புத்தி?"

"நமக்கு மட்டும் தானாவா வந்துச்சு?" என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது. உள்ளுக்குள் நானும் யார், யார் என்று தேடிக்கொண்டுதான் இருந்தேன்.

ஆள் போதவில்லை என்று நெல்லியாளத்துப் பக்கம் இருக்கும் எங்கள் எஸ்டேட்டுக்கு இவர்களைக் கூட்டி வந்த நாளிலிருந்தே நாங்கள் நம்பியதில்லை. நம் கூலியைக் கெடுக்க வந்தவர்கள் என்றோம். நாங்கள் குடியிருக்கும் லயத்தில் ஒரு கோழி காணாமல் போனது. இந்திக்காரிகள் அடித்துத் தின்றுவிட்டார்கள் என்று ஊரைக் கூட்டினோம். கொஞ்ச நாள் கழித்து அந்தக் கோழி புதருக்குள்ளிருந்து குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு ராணி மாதிரி நடந்து வந்தது. அப்போது ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் ஆட்கள் சிலோனிலிருந்து கப்பலேறி வந்து இங்கே இறங்கியபோது, சிலோன்காரன் என்று கடைக்கு வெளியே நிறுத்தி வைத்த கதையை மட்டும் கல்யாண வீடு, இழவு வீடு என்று எங்கே உட்கார்ந்தாலும் பேசுவோம்.

சூப்பர்வைசர் நவநீதன் எங்கள் லயத்துப் பையன்தான். தினமும் காலையில் குச்சியை நீட்டி, அன்றைக்கு வெட்ட வேண்டிய செடி வரிசையை ஆளுக்கொரு நிரையாகக் காட்டுவான். காட்டை ஒட்டின நிரைகள் எல்லாருக்கும் முறை வைத்துச் சுற்றி வர வேண்டும். யானை, கரடி எது வந்தாலும் முதலில் அங்கேதான் வரும். இவர்கள் வந்த பிறகு காட்டோரம் முழுக்க இவர்களுக்கே என்றாகிவிட்டது. எங்களுக்கு அது சௌகரியமாக இருந்தது, கேட்கவில்லை. போன வாரம் இந்த எட்டுப் பேரில் ஒருத்தியான புத்னியின் தங்கை சல்கோவைக் கரடி அங்கேதான் தோளோடு பிய்த்துப் போட்டது. கூடலூர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். இன்றைக்கு நவநீதன் குச்சியை நீட்டி, தங்கச்சி நின்ற அதே நிரையை அக்காவுக்குக் காட்டினான்.

புத்னி அசையவில்லை. "ஓரம் வேணாம். எல்லாரும் மாத்தி மாத்தி" என்றாள். அவளிடம் இருந்த தமிழ் அவ்வளவுதான்.

"நெர பிடிக்கிறீங்களா, தங்கியிருக்க காம்பராவக் காலி பண்றீங்களா? மத்தியானம் ஜீப் வரும். எட்டுப் பேரையும் ரயிலேத்தி விட்டுருவேன்" என்றான் நவநீதன். அவள் தங்கை ஆஸ்பத்திரியில் கிடக்க இவளை ரயிலேற்றி விடுவானாம்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நவநீதா, அந்த நெரைய எனக்குக் குடு. என் நெரையில அவ நிக்கட்டும்" என்றேன்.

மூக்கம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். "ஒனக்கென்னா கிறுக்கா? நீ நல்லவளுன்னு கரடிக்குத் தெரியுமா?"

நவநீதன் முகம் மலர்ந்தது. "அக்கா மாதிரி நாலு பேரு இருந்தாப் போதுமே, வேல தானா நடக்கும்" என்றான். அவன் முகம் மலர்ந்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். பாராட்டுகிறான் என்று நினைத்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனேன்.

காட்டோரத்தில் நின்று கொழுந்து வெட்டுவது வேறு வேலை. கை செடியில் இருக்கும், காது முழுக்கக் காட்டில் இருக்கும். சருகு அசைந்தால் கத்தரி நின்றுவிடும். ஆனாலும் ஒரு பெருமை உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன். கீழே என் நிரையில் புத்னி நிற்பாள், நிமிர்ந்து என்னைப் பார்த்து ஒரு சிரிப்பாவது சிரிப்பாள் என்று திரும்பிப் பார்த்தேன். நிரை காலியாகக் கிடந்தது. எட்டுப் பேரும் ரோட்டிலேயே நின்றார்கள். புத்னி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சல்கோவைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, வேடிக்கை பார்த்த எங்களை அவள் பார்த்த பார்வைதான் அது.

"சசிரேகாக்காவே எறங்கிருச்சு, ஒங்களுக்கென்னா பயம்?" என்று நவநீதன் எங்கள் பெண்களில் மூன்று பேரை அடுத்தடுத்த காட்டோர நிரைகளுக்கு விரட்டிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் உறைத்தது. அவர்கள் வேண்டாம் என்று நிறுத்தின வேலையை நான் செய்துகொண்டிருந்தேன். கொழுந்து குறையாத வரைக்கும் நவநீதனுக்கு அவர்கள் எதற்கு? எங்கள் ஸ்டிரைக்கின்போது வேலைக்கு இறங்கினவளைக் கருங்காலி என்று ஏசி, அவள் வீட்டுக் கல்யாணத்துக்கும் போகாதவள் நான். அந்தப் பேர் இப்போது எனக்குப் பொருந்தியது. கத்தரியை அங்கேயே போட்டேன்.

நான் கீழே வரும்போது, மத்தியானத்துக்கு முன்னாலேயே ஜீப் வந்துவிட்டிருந்தது. நவநீதன் பேச வாயெடுப்பதற்குள் பையைத் தலைகீழாகப் பிடித்து, வெட்டின கொழுந்தையெல்லாம் ஜீப்புக்கு முன்னால் சேற்றில் கொட்டினேன். கொழுந்தைத் தரையில் கொட்டுவது எங்களுக்குச் சோற்றைத் தரையில் கொட்டுவது மாதிரி. டிரைவர்கூட வாயைப் பிளந்தான். நவநீதன் போனை எடுத்து என்னைப் படம் பிடிக்க ஆரம்பித்தான்.

புத்னி கொழுந்தைப் பார்த்தாள். நவநீதனின் போனைப் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "யார் அனுப்பினது?"

"யாரும் இல்ல. தெரியாம எறங்கிட்டேன்" என்றேன். அவளுக்குப் புரிந்ததா, புரிந்தும் நம்பவில்லையா, தெரியவில்லை. தன் பாஷையில் மற்றவர்களிடம் ஏதோ சொன்னாள். எல்லோரும் என்னைவிட்டு இரண்டடி நகர்ந்து, ஜீப்பை மறித்து ரோட்டில் வரிசையாக உட்கார்ந்தார்கள். கடைசி ஆள் புத்னி. அவளுக்குப் பக்கத்தில் போய் நானும் சேற்றில் உட்கார்ந்தேன். காம்பராவிலிருந்து ரோட்டோரம் கொண்டு வந்து வைத்திருந்த தன் துணி மூட்டையை அவள் எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள். எடு என்று நான் சொல்லவில்லை. அந்த இடத்தில் நானாக இருந்தாலும் வைத்திருப்பேன்.

டிரைவர் ஹாரனை அழுத்திப் பிடித்தான். யாரும் எழவில்லை. அவனுக்கே அலுத்து ஹாரனை விட்டபோது, மேலே செடிகளுக்குள் கத்தரிச் சத்தம் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருந்தது. முதலில் காட்டோரத்தில், பிறகு மூக்கம்மா நின்ற பக்கத்தில். வேடிக்கை பார்க்க நிறுத்தினார்களா, இறங்கி வரவா என்று பனிமூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. மூட்டைக்கு அந்தப் பக்கம் புத்னியும் தலையைத் தூக்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.